நடு இல்லாத க்யூப்

க்யூபின் கடைசி இரண்டு துண்டுகள் இடத்துக்கு வரவில்லை. மேல் முகம் முழுக்க மஞ்சள். கீழே இரண்டு வரிசைகளும் சரி. மேல் வரிசையின் பக்கவாட்டில் மட்டும் சிவப்பு நிற்க வேண்டிய இடத்தில் பச்சையும், பச்சை நிற்க வேண்டிய இடத்தில் சிவப்பும் நின்றன. அவர் மேல் வரிசையை மட்டும் கலைத்துவிட்டு மறுபடி சேர்த்தார். அதே இரண்டு துண்டுகள். இன்னொரு முறை கலைத்தார். சேர்த்தார். அதே.

கடையின் இரண்டாவது மாடியில், பொம்மைப் பிரிவின் கவுண்டர் முன்னால், ஐந்து பேர் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் சேர்த்தது அவரேதான். "இதெல்லாம் ரெண்டு நிமிஷ வேலை" என்று கால் மணி நேரத்துக்கு முன்னால் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருந்தார். பரிசு வாங்க வந்த ஒரு தம்பதி நின்றார்கள். பில்லுக்குக் காத்திருந்த ஒருவர் கைக்கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான்காவது ஆள் கடையின் மேனேஜர். ஐந்தாவது, கவுண்டருக்குப் பின்னால், க்யூபைச் சுற்றிக்கொண்டிருந்தவருடைய தங்கை மகள்.

"என்ன சார், முடிஞ்சுதா?" என்றார் மேனேஜர்.

"முடியாது."

"உங்களாலயே முடியாதா?"

அந்த 'உங்களாலயே'தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"என்னால முடியாதுன்னு நான் சொல்லலையே. இது யாராலயும் முடியாது. எவனோ இதைக் கழட்டிட்டு, திரும்ப மாட்டத் தெரியாம மாட்டியிருக்கான். ரெண்டு துண்டு இடம் மாறிக் கெடக்கு பாருங்க. எத்தனை வருஷம் சுத்தினாலும் வராது. கழிவு."

அவர் சொன்னது சாதாரண க்யூபுக்குச் சரி. ஆனால் அவர் கையில் இருந்தது சாதாரண க்யூப் அல்ல. ஒவ்வொரு முகத்திலும் நடுக்கட்டம் இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஓட்டை. ஒரு பக்கம் கண்ணை வைத்தால் மறுபக்கம் தெரியும்.

"மாமா" என்றாள் தங்கை மகள். "அது அப்படி இல்ல. நடுவுல துண்டு இல்லாததுனால எது எந்தப் பக்கம்னு பிடி கிடைக்காது. அதனால சில நேரம் இப்படி வந்து நிக்கும். நடு வரிசைய ஒரு தடவை திருப்பிட்டு மறுபடி மொதல்லேர்ந்து போடுங்க. வந்துடும்."

"நீ போட்டிருக்கியா?"

"நாலு தடவை போட்டேன். ரெண்டு தடவை நேரா வந்துச்சு. ரெண்டு தடவை இப்படி வந்துச்சு, திருப்பிட்டுப் போட்டேன்."

"வேலை பாக்கறியா, இங்க வந்து வெளையாடறியா?"

பரிசு வாங்க வந்த தம்பதி சிரித்தார்கள். அவருக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. மேனேஜர் சிரிக்கவில்லை.

"வேலை நேரத்துலயா?" என்றார் அவளிடம்.

"சாப்பாட்டு நேரத்துல சார்."

"இந்த ரிட்டர்னை எடுத்தது யாரு?"

"நான்தான் சார். போன வாரம் ஒருத்தர் வரலைன்னு கொண்டுவந்து குடுத்தார். போட்டுப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. அதான் எடுத்துக்கிட்டேன்."

மேனேஜர் தலையை ஆட்டினார். அவருடைய வேலையில் பாதி, தலையை ஆட்டுவது. எந்தப் பக்கம் ஆட்டினார் என்று யாருக்கும் தெரியாது.

அந்தக் கடையில் சேருகிறவர்களுக்கு மூன்று மாதம் சோதனைக் காலம். அவளுக்கு மறுநாளோடு முடிகிறது. மறுநாள் மேனேஜர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். பழுதான பொருளைத் திருப்பி வாங்கிக்கொண்டவர்களுக்கு அந்தத் தாளில் கையெழுத்து கிடையாது. விதியைக் கவுண்டருக்கு உள்பக்கம் ஒட்டியிருந்தார்கள், வாடிக்கையாளர் கண்ணில் படாத உயரத்தில். அவளுக்கு முன்னால் இருந்த பெண் ஒரு பேசும் பொம்மையால் போனவள். பொம்மை பேசவில்லை.

இது மாமாவுக்குத் தெரியும். தங்கை போன மாதமே சொல்லியிருந்தாள். இந்த வேலையை நம்பித்தான் மகள் மாலை வகுப்பில் சேர்ந்திருக்கிறாள் என்றும் சொல்லியிருந்தாள். அவர் "ம்" என்றிருந்தார்.

"நீங்க இந்த லைன்ல இருக்கறவரா சார்?" என்று மேனேஜர் கேட்டார்.

"தரப் பரிசோதகர். இருபத்தாறு வருஷம்."

எதற்குப் பரிசோதகர் என்று மேனேஜர் கேட்கவில்லை. மின்சார சுவிட்சுக்கு என்று அவரும் சொல்லவில்லை.

"அப்ப ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க சார். தயாரிச்ச கம்பெனிக்கு அனுப்பணும்னா யாராவது தெரிஞ்சவங்க எழுதணும். நான் எழுதினா மதிக்க மாட்டாங்க."

எழுதச் சொன்னால் போதும். அவர் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்தார். கடைப் பேனா அவருக்கு ஆகாது. பில் தாளின் பின்பக்கத்தில் எழுதினார்: *மேல் முகம் முழுவதும் மஞ்சள். மேல் வரிசையில் பச்சைத் துண்டும் சிவப்புத் துண்டும் ஒன்றன் இடத்தில் ஒன்று உள்ளன. மற்றவை சரி. கழற்றித் தவறாகப் பொருத்தியதால் ஏற்பட்ட குறை. ஏற்கத்தக்கதல்ல.* கீழே கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே பதவி. பதவிக்குக் கீழே தேதி. தேதிக்குக் கீழே ஒரு கோடு.

தங்கை மகள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டுக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை நல்லாப் பாத்துடுங்க சார்" என்றார் மேனேஜர். "நாளைக்குக் காலையில குடுத்தாப் போதும். இந்தச் சீட்டோட சேத்து அனுப்பிடறேன்." சீட்டை மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

பரிசோதகர் க்யூபைப் பெட்டியில் வைத்துக் கையில் எடுத்துக்கொண்டார். படியில் இறங்கும்போது, பில்லுக்குக் காத்திருந்தவர் பின்னால் யாரிடமோ சொன்னது கேட்டது: "ஒரு வழியாப் போனான்யா."

*

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. சுவிட்ச் தொழிற்சாலையில் ஓடும் பட்டையின் கடைசியில் அவர் மேஜை. வருகிற ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு சுவிட்சை எடுப்பார், இருபது முறை தட்டுவார், அளவுக்கருவியில் வைப்பார். சரியென்றால் ஒன்றும் செய்ய மாட்டார். சரியில்லை என்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். இருபத்தாறு வருஷத்தில் அவர் ஒட்டிய ஒரு ஸ்டிக்கரைக்கூட அவர் பிரித்ததில்லை. இதை அவர் பெருமையாகச் சொல்வார். தொழிற்சாலையில் அவர் பெயரே சிவப்பு ஸ்டிக்கர்தான். "சிவப்பு ஸ்டிக்கர் வருதுடா, மூஞ்சியத் தொடைச்சுக்கோ, ஒட்டிட்டுப் போயிடும்" என்பார்கள்.

ஒரு முறை, பொருத்தும் வரிசையில் வேலைசெய்யும் ஒரு பெண் அவர் மேஜைக்கு வந்து, அளவுக்கருவியின் முள் பூஜ்யத்தில் நிற்கவில்லை என்று காட்டினாள். அவள் பொருத்திய பெட்டிக்கு அன்று ஸ்டிக்கர் விழுந்திருந்தது. அவர் முள்ளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "போய் வேலையைப் பாரு" என்றார். முள்ளைச் சரிசெய்தார். ஸ்டிக்கரைப் பிரிக்கவில்லை. மாலைக்குள் அந்தப் பெட்டியில் இருந்த சுவிட்ச் உண்மையிலேயே பழுதாகிவிட்டது. எப்படி என்று யாரும் கேட்கவில்லை. ஸ்க்ரூ டிரைவர் அவர் மேஜையில்தான் எப்போதும் இருக்கும்.

க்யூப் பழக்கம் வந்து பன்னிரண்டு வருஷம். ரயில் தாமதமான ஒரு நாள், பிளாட்பாரக் கடையில் சீப்புகளுக்கும் பூட்டுகளுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்த ஒன்றை வாங்கினார். மூன்று வரிசை, ஒட்டு நிறங்கள். இரண்டாவது வாரம் நிறங்கள் உரிந்து விரலில் ஒட்டின. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில் எப்படிச் சேர்ப்பது என்று அம்புக்குறி போட்டிருந்தது. அதைப் பழக நாலு மாதம் ஆயிற்று. பழகிய அன்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். "சரி, இப்ப என்ன?" என்றாள் அவள். அந்தத் தாளோடு அவருடைய கல்வி முடிந்தது. அதற்குப் பிறகு அவர் கற்றது ஒன்றுமில்லை, வாங்கியதுதான்.

இரண்டு வரிசை, நான்கு வரிசை, ஏழு வரிசை. பிரமிடு மாதிரி ஒன்று. பன்னிரண்டு முகத்தோடு ஒன்று. எல்லா முகமும் ஒரே வெள்ளி நிறமாக, துண்டுகள் மட்டும் தடிமனில் மாறுகிற ஒன்று. கலைத்தால் இடிந்த கட்டடம் மாதிரி ஆகும் என்று அட்டையில் படம் போட்டிருந்தது. அவர் கலைத்ததில்லை. பீப்பாய் வடிவம், சாய்வாக வெட்டியது, சாவிக்கொத்தில் தொங்குவது. கண்ணாடி அலமாரியில் எண்பத்து மூன்று. அவற்றில் எண்பது இன்னும் உறைக்குள். உறையைப் பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்பார். யாருக்கு மதிப்பு என்றால், "தெரிஞ்சவங்களுக்கு" என்பார். தெரிந்தவர்கள் யாரும் அந்த வீட்டுக்கு வந்ததில்லை.

"தூசி தொடைக்கறது நான்" என்பாள் மனைவி. "வெளையாட ஆள் இல்ல. பொம்மைக்குப் பென்ஷன் குடுத்து உக்கார வச்ச வீடு இது ஒண்ணுதான்."

போனில் ஆர்டர் கொடுத்தால் எல்லாம் வீட்டு வாசலுக்கு வரும். அவருக்கு அது ஆகாது. கடைக்குப் போக வேண்டும், எடுக்கச் சொல்ல வேண்டும், கையில் வைத்துக்கொண்டு குறை சொல்ல வேண்டும். சனிக்கிழமைகளில் அதுதான் வேலை. பொம்மைக் கடைகள், எழுதுபொருள் கடைகள், ஆஸ்பத்திரி எதிரில் மருந்தோடு பொம்மையும் விற்கிற கடை. வேலை செய்பவர்களுக்கு அவர் வருவது மாடிப்படியிலேயே தெரிந்துவிடும். ஒருவர் கழிப்பறைக்குப் போவார். ஒருவர் போன் பேசுவார். மாட்டிக்கொண்டவர் புதியவராக இருப்பார்.

இந்த நடு இல்லாத க்யூபை அவர் இரண்டு வருஷமாகத் தேடினார். பதினோரு கடைகள்.

"நடுவுல ஓட்டையா?" என்றார் ஒரு கடைக்காரர். "ஓட்டை சாமானெல்லாம் நாங்க விக்கறதில்ல சார். நல்ல சாமானா பாருங்க."

இன்னொருவர் உள்ளே போய், நடுத்துண்டு உடைந்து விழுந்த ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். "இதுவா பாருங்க. ஓட்டை இருக்கு. சும்மாவே எடுத்துட்டுப் போங்க."

எழுதுபொருள் கடையில் இருந்த அம்மாள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "உங்களுக்கா? பேரப்பிள்ளைக்கா?" என்று கேட்டாள். அந்தக் கடைக்கு அவர் அப்புறம் போகவில்லை.

தங்கை மகள் பொம்மைக் கடையில் சேர்ந்தபோது அவர் சொன்ன வாழ்த்து: "அங்க எல்லாத்தையும் க்யூப் க்யூப்னு ஒரே பேர்ல விப்பானுங்க. ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியாது. நீயும் அப்படி ஆயிடாத." அவள் அப்படி ஆகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எதில் எது வரும், எதில் எது வராது என்று இரண்டு மாதத்தில் தெரிந்துகொண்டாள். வாங்க வருகிறவர்களுக்கு எது ஏற்றது என்று சொல்லிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை மாமாவுக்குப் போன் செய்தாள்.

"மாமா, நீங்க தேடறது ஒண்ணே ஒண்ணு வந்திருக்கு. ரிட்டர்ன் பீஸ்தான், ஆனா நல்லா இருக்கு. வேற யாரும் எடுக்கக்கூடாதுன்னு உள்ள வச்சிருக்கேன். நாளைக்கு வாங்க."

அதனால்தான் அவர் போனார்.

*

சனிக்கிழமை மதியம் வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு க்யூபைக் கையில் எடுத்தார். மேல் வரிசையைக் கலைத்துச் சேர்த்தார். அதே இரண்டு துண்டுகள். நிம்மதியாக இருந்தது. இன்னொரு முறை. அதே. "பாத்தியா" என்றார், பக்கத்தில் யாரும் இல்லாமல்.

மனைவி துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். அவள் செருப்புச் சத்தம் படியில் மேலே போய் நின்றது. அவர் வாசலைப் பார்த்தார். பிறகு நடு வரிசையை ஒரு முறை திருப்பினார். முதலில் இருந்து சேர்க்க ஆரம்பித்தார். கீழ் வரிசை. இரண்டாவது வரிசை. மேல் முகம் மஞ்சள். ஓரங்கள்.

எல்லாம் வந்துவிட்டது. ஆறு முகம், ஆறு நிறம், நடுவில் ஓட்டை. ஓட்டை வழியாக எதிர்ச்சுவர் தெரிந்தது.

மனைவி துணிக்குவியலோடு உள்ளே வந்தாள்.

"அட, வந்துடுச்சே."

"எது?"

"எல்லாக் கலரும்."

"இல்ல."

அவள் துணியைச் சோபாவில் போட்டுவிட்டுக் கிட்டே வந்து பார்த்தாள். "கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் சொல்றேன். வந்திருக்கு. அப்ப அந்தப் பொண்ணு சொன்னது சரிதானே?" கடையில் நடந்ததை அவர் சாப்பிடும்போது சொல்லியிருந்தார், தான் ஜெயித்த கதையாக.

"இது தற்செயல்."

"தற்செயலா வந்தாலும் வந்ததுதானே? வராதுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க."

"உனக்கு இதைப் பத்தித் தெரியாது."

"எனக்குத் தெரியாது. போன் பண்ணிச் சொல்லிடுங்க. கடைக்காரன்கிட்ட ஒரு வார்த்தை. நான் தப்பாப் பாத்துட்டேன், நல்லா இருக்குன்னு. வாய் தேஞ்சா போயிடும்?"

அவள் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தாள்.

பரிசோதகர் யோசித்தார். அவர் யோசனை பெரிதாக ஒன்றுமில்லை, அதை இங்கேயே சொல்லிவிடலாம். க்யூபைப் பழையபடி இரண்டு துண்டு இடம் மாறிய நிலைக்குக் கொண்டுவர முடியும். கொண்டுவந்தார், நாற்பது நிமிஷம் ஆயிற்று. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு க்யூபைத் தப்பாகச் சேர்க்க அவர் பாடுபட்டார். ஆனால் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தால், அந்தப் பெண் மேனேஜர் கண் முன்னாலேயே நடு வரிசையைத் திருப்பி, சேர்த்துக் காட்டிவிடுவாள். ஆகவே, திருப்பினாலும் தீராத குறை ஒன்று வேண்டும். குறை இருந்தால் அவர் எழுதியது உண்மை. உண்மையாகிவிட்டால் யாருக்கும் அநியாயம் இல்லை. சுவிட்சுக்கும் இப்படித்தான் யோசித்தார்.

க்யூபை மறுபடி முழுதாகச் சேர்த்தார். சமையலறைக்குப் போய் வெண்ணெய் தடவும் கத்தியை எடுத்து வந்தார். மேல் வரிசையைக் கொஞ்சம் திருப்பி, மஞ்சளும் பச்சையும் உள்ள ஓரத் துண்டின் அடியில் கத்தியை விட்டு நெம்பினார். துண்டு 'டக்' என்று தெறித்துச் சோபாவுக்கு அடியில் போயிற்று. முழங்காலில் உட்கார்ந்து தேடி எடுத்தார். அதே இடத்தில், தலைகீழாக அழுத்தி மாட்டினார். இப்போது மேலே மஞ்சள் முகத்தில் ஒரே ஒரு பச்சைக் கட்டம். பக்கத்தில் பச்சை முகத்தில் ஒரே ஒரு மஞ்சள் கட்டம். இதை எந்தத் திசையில் எவ்வளவு சுற்றினாலும் சரிசெய்ய முடியாது. சுற்றிப் பார்த்தார். முடியவில்லை. திருப்தி.

"அதை ஏன் ஒடைக்கறீங்க?" என்றாள் மனைவி.

"ஒடைக்கல. சோதிக்கறேன்."

அவள் அவரையும் கத்தியையும் பார்த்தாள். சட்டையின் கையை மடித்தாள். "சோதிச்சு முடிச்சதும் அந்தக் கத்தியக் கழுவி வச்சிருங்க" என்றாள்.

ஐந்து மணிக்குத் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, இவ வந்ததிலேர்ந்து பேசவே இல்ல. சாப்பிடவும் இல்ல. கடையில என்னண்ணே ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ஒரு சாமான் பழுது. நான் பாத்துச் சொன்னேன்."

"அவ எடுத்த சாமானா?"

"யாரு எடுத்ததுன்னு பாத்தா குறை சொல்ல முடியுமா?"

"அவளுக்கு நாளைக்குத்தானேண்ணே கையெழுத்து?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொன்னீங்க?"

"நான் பரிசோதகர்மா. என் தங்கச்சி பொண்ணுன்னு பாஸ் போட முடியுமா? அது நியாயமா?"

தங்கை, "எங்க வீட்டுல சுவிட்ச் ஒண்ணு போயிருக்குன்னு போன வருஷம் உங்ககிட்ட சொன்னேன்ல, அதை வந்து ஒரு தடவை பாத்திருக்கீங்களா?" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

நியாயம் என்ற சொல்லைச் சொன்னது அவருக்கு நன்றாக இருந்தது. அதை இன்னொரு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். க்யூபைப் பெட்டியில் வைத்து மூடினார். ஒன்றை மட்டும் அவர் மறந்துவிட்டார். மேனேஜரின் மேஜை இழுப்பறையில் அவருடைய சீட்டு இருந்தது. அதில் அவர், வழக்கம்போல, கண்டதைக் கண்டபடி எழுதியிருந்தார்.

*

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்குக் கடை திறந்தது. பத்தேகாலுக்கு அவர் இரண்டாவது மாடியில் இருந்தார். தங்கை மகள் கீழ்த்தட்டில் பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள். "வாங்க மாமா" என்றாள். மறுபடி அடுக்கினாள்.

மேனேஜர் பெட்டியை வாங்கிக்கொண்டார். மேஜை இழுப்பறையிலிருந்து சீட்டை எடுத்தார். தயாரிப்பாளருக்கு அனுப்பும் படிவத்தில் 'குறையின் விவரம்' என்ற கட்டத்தில் சீட்டைப் பார்த்து எழுத ஆரம்பித்தார். 'மேல் முகம் முழுவதும் மஞ்சள்' என்று எழுதிவிட்டுப் பெட்டியைத் திறந்து க்யூபைப் பார்த்தார்.

"சார், இங்க ஒரு பச்சை இருக்கே."

"அதுதான் குறை."

"நீங்க முழுவதும் மஞ்சள்னு எழுதியிருக்கீங்க."

"நேத்துப் பாத்ததுல..."

"பச்சைத் துண்டும் சிவப்புத் துண்டும்னு எழுதியிருக்கீங்க. சிவப்பு சரியாத்தானே இருக்கு?"

தங்கை மகள் எழுந்து வந்தாள். க்யூபை வாங்கி ஆறு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"நேத்து ரெண்டு துண்டு இடம் மாறியிருந்துச்சு சார். எல்லாரும் பாத்தோம். இன்னைக்கு எல்லாம் அதது இடத்துல இருக்கு, ஒரு துண்டு மட்டும் தலைகீழா இருக்கு. சுத்தினா இப்படி வராது. கழட்டினாத்தான் வரும்." துண்டின் ஓரத்தை விரலால் காட்டினாள். பிளாஸ்டிக்கில் கத்தி பட்ட வெள்ளைக் கீறல் இருந்தது. "இது நேத்து இல்ல."

"பஸ்ஸுல கூட்டம்..." என்றார் பரிசோதகர்.

"பஸ்ஸுல என்ன மாமா?"

அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்தார்.

அவள் பில் பெட்டியின் சாவியால் அந்தத் துண்டை எடுத்தாள், திருப்பி மாட்டினாள், மேல் வரிசையை நேராக்கினாள். ஆறு முகமும் சரியாக இருந்தது. பிறகு முழுக்கக் கலைத்தாள். நின்றபடியே சேர்த்தாள். கடைசியில் பச்சையும் சிவப்பும் இடம் மாறி நின்றன. மேனேஜரிடம் காட்டினாள். நடு வரிசையைத் திருப்பி மறுபடி சேர்த்தாள். மறுபடி காட்டினாள். மொத்தம் ஐந்து நிமிஷம் ஆயிற்று. மேனேஜர் படிவத்தையும் சீட்டையும் சேர்த்துக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

கவுண்டருக்கு வெளிப்பக்கம் ஒரு பலகை தொங்குகிறது. கழற்றிய பொருளைக் கழற்றியவரே வாங்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அவள் பில் போட்டாள். முழு விலை. அவர் கொடுத்தார்.

"கவர் வேணுமா மாமா?"

"வேண்டாம்."

பதினொன்றரைக்கு மேனேஜர் அவள் தாளில் கையெழுத்துப் போட்டார். அவள் அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு, கீழ்த்தட்டில் மீதிப் பொம்மைகளை அடுக்கினாள்.

பரிசோதகர் பன்னிரண்டு மணி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார். க்யூபை அலமாரியில் எண்பத்து நான்காவதாக வைத்தார். நோட்டுப்புத்தகத்தில் தேதி, கடை, நிலைமை ஆகியவற்றை எழுதினார். நிலைமை என்ற இடத்தில் 'நன்று' என்று எழுதினார். சாப்பிட்டார். மூன்று மணிவரை தூங்கினார். ஐந்து மணிக்குப் போன் மணி அடித்தது. மனைவி எடுத்தாள், சிரித்துப் பேசினாள், வாழ்த்துச் சொன்னாள். யாரென்று கேட்டார். "உங்களுக்கு இல்ல" என்றாள். ஆறு மணிக்கு அவர் திங்கட்கிழமைக்கான சட்டையை இஸ்திரி போட்டார். பையில் பேனாவைச் செருகினார்.